ஹரிக்கு, அந்த லேசர் மாட்யூலுக்கு கரண்ட் கொடுப்பதற்கு முன்

ஹரி கண்ணு,

நாளை மே 16, உலகின் முதல் லேசர் ஒளிர்ந்த நாள். அதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் மாடியில் நடந்ததற்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை. கொஞ்ச நாளில் நானும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். நேற்று ராத்திரி அக்கா பேசினாள். நீ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் புதிதாக ஒரு லேசர் மாட்யூல் வாங்கி வந்து ஹாஸ்டல் அறையில் வைத்திருக்கிறாயாம். என் மெசேஜை நீ திறப்பதில்லை, ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று தெரியும். அதனால் இங்கேயே எழுதுகிறேன். என் கடைக்கு வருகிறவர்களும் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். சில இடங்களில் பூசி மெழுகித்தான் சொல்வேன், நீ புரிந்துகொள்வாய்.

லேசர் டயோடு எப்படி ஒளிர்கிறது, ஏன் அதற்கு வோல்டேஜை விட கரண்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். டிரைவர் சர்க்யூட்டின் கணக்கையும் எழுதப்போவதில்லை, பள்ளிப் பிள்ளைகளும் இங்கே வருகிறார்கள். நீ வேண்டாம் என்று தாண்டிப்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது, பாதுகாப்பு. அதைத்தான் எழுத வந்தேன்.

அன்றைக்கு மாடியில் நீ குட்டிகளைப் பாயில் உட்காரவைத்து, முதல் லேசரைச் செய்த மைமனின் கதையைச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 1960-ல் மாலிபுவில் அந்த மனிதர் ஒரு ரூபித் தண்டைச் சுருள் வடிவ ஃபிளாஷ் விளக்குக்குள் வைத்தார் என்று சொல்லி, சுருளை விரலால் காற்றில் வரைந்து காட்டினாய். அவர் எழுதிய கட்டுரையை அமெரிக்காவின் பெரிய இயற்பியல் இதழ் திருப்பி அனுப்பியது, அப்புறம் நேச்சர் வெளியிட்டது என்றபோது உன் குரல் தழுதழுத்தது. படிக்கட்டில் நின்று கேட்டேன். இவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. பழைய டி.வி.டி ரைட்டரைப் பிரித்து, பெரிய சீரகம் அளவே இருந்த அந்தச் சிவப்பு டயோடை உன் உள்ளங்கையில் முதலில் வைத்தது நான்தானே.

அப்புறம் நீ அந்த நீல லேசரை எடுத்தாய். அலைநீளம் 450 நானோமீட்டர், 5 வாட். கறுப்பு பலூனைக் கொடிக்கயிற்றில் கட்டியிருந்தாய். பலூன் வெடித்தது, பிள்ளைகள் கத்தினார்கள், நீ திரும்பி அவர்களைப் பார்த்துச் சிரித்தாய். கதிர் நிற்கவில்லை. பலூன் இருந்த இடத்துக்கு நேர் பின்னால், கைப்பிடிச் சுவரில் மோர்ச் சொம்பு இருந்தது. எவர்சில்வர் சொம்பு, புளி போட்டுத் தேய்த்தது. நீலம் அதன் வயிற்றில் பட்டுச் சிதறி பிள்ளைகளின் முகங்களில் ஒரு கோடாக ஓடியது. சின்னவளின் கன்னத்தில் ஏறி நெற்றிக்குப் போனதை நான் பார்த்தேன். நடுவில் இருப்பது கண். அவள் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

உன் கையில் அடித்தேன். ஓங்கித்தான் அடித்தேன். மாட்யூல் தரையில் விழுந்து வயர் பிய்ந்தது. இரண்டு வீட்டுச் சொந்தமும் நிற்கிற இடத்தில், வளர்ந்த பையனை அடித்தது உனக்கு எவ்வளவு அவமானம் என்று தெரியும். அதற்காக மன்னித்துவிடு. ஆனால் அந்த நொடி திரும்ப வந்தாலும் அதையேதான் செய்வேன். வாயால் "நிறுத்து" என்று சொல்லி, அது உன் காதில் விழுந்து, நீ சுவிட்சைத் தேடும் நேரத்துக்குள் அது இன்னொரு முறை அந்த முகங்களைக் கடந்திருக்கும்.

நீ அன்று எல்லோர் முன்னாலும் சொன்னதையும் நான் மறக்கவில்லை. "பேர்ப்பலகை வெட்டுறவங்களுக்கு லேசர் பத்தி என்ன தெரியும்." சொன்னாய் அல்லவா? 1964-ல் குமார் படேல் பெல் ஆய்வகத்தில் செய்துகாட்டிய கார்பன் டை ஆக்சைடு லேசர்தான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. உன் முதல் செமஸ்டர் ஃபீஸில் ஒரு பங்கும் அதிலிருந்துதான் போனது. இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். சரி, சொல்லியாகிவிட்டது.

உனக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. மறுநாள் காலையில் சின்னவளை நான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவள் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள், விழித்திரை நன்றாக இருந்தது. சொம்பின் வயிறு உருண்டையாக இருந்ததால் கதிர் விரிந்து வலுவிழந்திருக்கிறது, காப்பாற்றியது அதுதான். அந்த இடத்தில் தட்டையான ஒரு எவர்சில்வர் மூடி இருந்திருந்தால் கதிர் விரியாமல் ஏறக்குறைய முழு பலத்தோடு திரும்பியிருக்கும். இதை உன்னிடம் அன்றே சொல்லியிருந்தால் நீ படிப்பை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாய் என்று பயந்தேன். செமஸ்டர் முடியட்டும் என்று இருந்தேன். அதற்குள் நீ என்னை வில்லியாக்கிவிட்டாய்.

நான் ஏன் அவ்வளவு பதறினேன் என்று கேட்பாய். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும். உலோகத்தில் எழுத்துப் பொறிக்கும் ஃபைபர் மெஷின், 1064 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாத ஒளி. மூடியைத் திறந்துவைத்து ஒரு ஸ்டீல் தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். தலைக்குள் "டப்" என்று ஒரு சத்தம் கேட்டது என்றார். வலி இல்லை, விழித்திரையில் வலி தெரியும் நரம்பே கிடையாது. டீ குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சாயங்காலம் வெர்னியரில் அளவு படிக்கும்போதுதான் நடு எண் காணாமல் போயிருந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தால் தெரியாது, மூளை ஓட்டையை நிரப்பிவிடும். இடது கண்ணை மூடிப் பார்த்தார். நடுவில் ஒரு சாம்பல் புள்ளி. அது அவரை விட்டுப் போகவே இல்லை.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்தாயே, விழியின் லென்ஸ் செய்வதும் அதைத்தான். கருவிழியில் நுழையும் ஒளி விழித்திரையைச் சேரும்போது சுமார் 1 லட்சம் மடங்கு அடர்த்தியாகிறது. பளிச்சென்று ஏதாவது பட்டால் நாம் கண்ணை மூட சுமார் 0.25 விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் கெடுதல் நடக்காது என்ற கணக்கில்தான் இரண்டாம் வகுப்பு பாயிண்டருக்கு 1 மில்லிவாட் என்று எல்லை வைத்தார்கள். உன்னிடம் இருப்பது அதைப் போல 5,000 மடங்கு. 500 மில்லிவாட்டைத் தாண்டினாலே நான்காம் வகுப்பு, லேசர்களில் மிக ஆபத்தான வகுப்பு. அந்த வகுப்பில் சுவரில் விழும் புள்ளியைப் பக்கத்தில் இருந்து வெறும் கண்ணால் பார்ப்பதே ஆபத்து. நீயோ புள்ளி கூர்மையாகிவிட்டதா என்று குனிந்து பார்க்கிற ஆள்.

மாட்யூல் மேல் "40 வாட்" என்று ஒட்டியிருப்பதை நம்பாதே. அப்படி விற்பதில் பலவற்றில் வெளியே வரும் ஒளி 5 வாட் சுற்றித்தான் இருக்கும். வாட்டில் ஏமாற்றுகிறவர்கள் கூடவே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கண்ணாடியும் இலவசமாகத் தருகிறார்கள். அதில் எந்த அலைநீளம் என்று அச்சிட்டிருக்கிறதா? உன் பழைய கண்ணாடியில் இல்லை. நிறத்தைப் பார்த்துக் கண்ணாடி வாங்காதே. அலைநீளமும், ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஓ.டி எண்ணும் ஃபிரேமிலோ லென்ஸிலோ பொறித்திருக்க வேண்டும். ஓ.டி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும், உன் 5 வாட் 0.5 மில்லிவாட் ஆகும். ஓ.டி 6 என்றால் 5 மைக்ரோவாட். எனக்கு ஓ.டி 6 தான் நிம்மதி. அதுவும் தப்பித்தவறிப் படுவதைத் தடுக்கத்தான், அதைப் போட்டுக்கொண்டு கதிரை நேராகப் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. என் கடையில் தொங்கும் தெளிவான பாலிகார்பனேட் கண்ணாடியை எடுத்துப்போகலாம் என்று நினைக்காதே. அது என் லேசரின் 10.6 மைக்ரோமீட்டரைத் தடுக்கும், உன் நீலத்தை அப்படியே உள்ளே விடும்.

உன் நண்பன் பச்சை பாயிண்டரைப் பிரித்து உள்ளே இருக்கும் ஃபில்டரை எடுத்தால் பவர் கூடும் என்றானாம். கூடுவது அகச்சிவப்பு. 2010-ல் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் மலிவான பச்சை பாயிண்டர் ஒன்றை அளந்தது, தெரிகிற பச்சையைப் போல 10 மடங்கு தெரியாத அகச்சிவப்பு அதிலிருந்து வந்தது. கண் கூசாது, இமை மூடாது. அவனிடம் இதைக் காட்டு.

இனி, எதை முதலில் செய்வது. பெட்டி, ஹரி. லேசர் கடைசி. ஜி.ஐ ஷீட்டில் பெட்டி செய்து உள்ளே மேட் கறுப்பு அடி. மூடியில் இரண்டு மைக்ரோ சுவிட்ச் வை, அவை டயோடின் பவர் லைனையே நேராக வெட்ட வேண்டும். "மூடி திறந்தால் புரோகிராம் நிறுத்திவிடும்" என்று நீ எழுதிய புரோகிராம் வரியை நம்பாதே. கன்ட்ரோல் போர்டு ரீசெட் ஆகும் நொடியில் லேசர் பின் தானாக மேலே போய் டயோடு எரிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாவி சுவிட்ச் ஒன்று, கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் ஒன்று. உள்ளே பார்க்க வெப்கேம் வை. அது செத்தால் இன்னொன்று வாங்கலாம். அறை விளக்கு எரியட்டும், இருட்டில் உன் கண்மணி விரிந்து இன்னும் அதிக ஒளியை உள்ளே விடும். மோதிரம், வாட்சைக் கழற்று. கதிர் போகும் உயரம் உட்கார்ந்திருக்கிறவன் கண் உயரத்தில் வரவே கூடாது. எரியும்போது அறையை விட்டு வெளியே போகாதே, மெஸ் மணி அடித்தாலும். வானத்துப் பக்கம் எப்போதும் வேண்டாம், கோவை பீளமேட்டில் இறங்கும் விமானங்கள் நம் மாடிக்கு மேலேதான் போகின்றன.

பெட்டிக்குள் எதை வைத்து வெட்டுகிறாய் என்பதும் முக்கியம். ரெக்சினும் ஃபிளக்ஸ் பேனரும் பெரும்பாலும் பி.வி.சி பிளாஸ்டிக். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், உன் நுரையீரலையும் மெஷினின் இரும்பையும் சேர்த்து அரிக்கும். என் கடையில் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொண்டாலும்.

அக்கா இன்னொன்றும் சொன்னாள், அதைக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை. அடுத்து மைக்ரோவேவ் ட்ரான்ஸ்ஃபார்மரை வைத்துப் பெரிய ட்யூப் ஒன்று ஓட்டப்போகிறாயாம். ஹரி, இது வேறு விஷயம். லேசரில் தப்பு செய்தால் கண் போகும், இதில் ஆளே போய்விடுவான். அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் 2,000 வோல்ட்டைச் சுற்றித் தரும், கூடவே இதயத்தை நிறுத்துவதற்குப் பல மடங்கு கரண்டும் தரும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும். என் 40 வாட் ட்யூப் பற்றவே 20 ஆயிரம் வோல்ட் அளவுக்குக் கேட்கும். அதனால்தான் அதன் பின்மூடியை எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் இன்றுவரை நான் தொட்டதில்லை. உன் ஹாஸ்டல் பிளக் பாயிண்டில் எர்த் ஒயர் வருகிறதா என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? தயவுசெய்து அந்த ட்ரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிக் கொடுத்துவிடு. இதில் உன்னோடு வாதாட மாட்டேன், கெஞ்சத்தான் செய்வேன்.

முடிவு ஒன்று எடுத்திருக்கிறேன். கடையில் மூலையில் கிடக்கும் பழைய மெஷினை காயலான் கடைக்காரர் கேட்டார், தரவில்லை. உனக்குத் தருகிறேன். ட்யூபையும் ஹை வோல்டேஜ் சப்ளையையும் கழற்றிவிடுவேன். இரும்புக் கூடு, மூடி, மூடிச் சுவிட்ச், ரெயில், எக்ஸாஸ்ட் எல்லாம் அப்படியே இருக்கும். உன் நீல டயோடுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. மூடியில் இருக்கும் தெளிவான அக்ரிலிக்கை மட்டும் எடுத்துவிட்டுத் தகடு அடிக்க வேண்டும், அது என் லேசரைத் தடுக்கும், உன்னுடையதைத் தடுக்காது. அன்று தரையில் விழுந்த மாட்யூலும் பீரோவில் இருக்கிறது, பிய்ந்த வயரைச் சால்டர் செய்துவிட்டேன். முதல் முறை எரியவிடுவது என் கடையில்தான், ஞாயிற்றுக்கிழமை, ஷட்டரை இறக்கிவிட்டு. அக்காவிடமும் சொல்லியாகிவிட்டது.

வரும்போது நண்பனையும் கூட்டிவா, பரவாயில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு கண்ணாடி வேண்டும். இரண்டு வாங்கி வைக்கிறேன், மூன்றாவது ஆள் வந்தால் அவன் வெளியே நிற்கட்டும்.

சித்தி