குடியிருப்போர் நலச் சங்கம், வேலூர் சைதாப்பேட்டை: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தெருவிளக்கு, குடிநீர், நாய்த்தொல்லை குறித்து மாநகராட்சிக்குக் கொடுத்த மனுக்களின் நகல் கோப்பில் இருக்கிறது. விளக்கு எரிகிறது. தண்ணீர் பரவாயில்லை. நாய் அப்படியேதான்.

சென்ற பொதுக்குழுவில் நீங்கள் கேட்டுக்கொண்டபடி, நம் தெருவின் பழைய புகைப்படங்களையும் வீட்டுப் பத்திரங்களையும் திரட்டி, பொங்கலன்று தலைவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் பார்வைக்கு வைத்தோம். கோலப்போட்டிக்கு வந்த கூட்டத்தைவிட இதற்குக் கூட்டம் அதிகம். தாத்தா வீட்டுத் திண்ணையை விரல் வைத்துக் காட்டிய பிள்ளைகளுக்கு, அந்த இடத்தில் இன்று ஷட்டர் போட்ட கடை இருப்பது வேடிக்கையாக இருந்தது.

லாங்கு பஜார் மணிக்கூண்டின் படம் ஒன்றும் வந்தது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று அதில் கல்வெட்டு இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் காய்கறி வாங்கப் போகிறவர்களில் பலர் இதைப் படித்ததில்லை. பேனருக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே தலையைத் தூக்கிப் பார்க்க யாருக்கு நேரம்?

வேலூர் நகராட்சியானது 1866-இல். 1911-இல் வடாற்காடு மாவட்டத் தலைநகரம் சித்தூரிலிருந்து இங்கே மாறியதும் ஊருக்கு ஆபீஸ் களை வந்தது. பிறகு கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் சத்துவாச்சாரிக்குப் போய்விட்டன. ஊரும் அவற்றின் பின்னாலேயே நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு நீண்டது. 2008-இல் மாநகராட்சி ஆனோம். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆனால் நம் பக்கத்துத் தெருக்களை மாற்றியது இதெல்லாம் இல்லை, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) ஆஸ்பத்திரிதான். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே கட்டிலோடு தொடங்கியதைத் தேடி, இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். காந்தி ரோட்டில் பெங்காலி எழுத்தில் போர்டு இல்லாத கடை குறைவு. அவர்கள் தங்க அறை வேண்டும். ஆகவே ஓட்டு வீடு இடிகிறது. மூன்று மாடி எழுகிறது. மாடிக்கு நான்கு அறை, அறைக்கு ஒரு ஸ்டவ்.

நோயாளியோடு வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. வீட்டுக்காரர்களையும் சொல்ல முடியாது. அந்த வாடகையில்தான் சில வீடுகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் ஒரு கக்கூசுக்குப் போட்ட குழாயில் பன்னிரண்டு கக்கூஸ் விட்டால் என்ன ஆகும் என்று கட்டும்போதே யோசித்திருக்க வேண்டும். நம் தெரு மேன்ஹோல் மூடி அடிக்கடி தூக்கிக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

இந்த ஆண்டு இடிபட்ட தெருக்கோடி வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்துச் சுவர். ஜேசிபி ரெண்டு தரம் முட்டியும் அசையவில்லை. ஓட்டுநர் இறங்கி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். தேக்கு உத்திரங்கள் பழைய மரக்கடைக்குப் போயின. நாட்டு ஓடு அணைக்கட்டு ஊர்ப் பக்கம் யாரோ மாட்டுக்கொட்டகைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் முன்கூட்டியே சொன்னதால் உள்முற்றம், தூண்கள், சமையலறைப் புகைக்கூண்டு எல்லாவற்றையும் படம் எடுத்து, டேப் பிடித்து அளவும் குறித்து வைத்திருக்கிறோம்.

அடுத்தது பாதாளச் சாக்கடைப் பள்ளம். தோண்டியபோது வெட்டுவாயில் நம் தெருவின் சரித்திரமே அடுக்கி வைத்த தோசை போலத் தெரிந்தது. மேலே சிமெண்ட், அதன் கீழே தார், கொஞ்சம் ஜல்லி, மறுபடி தார், அதற்கும் கீழே சரளை, கடைசியில் செம்மண். அந்தச் செம்மண் மட்டத்தில் ஒரு கருங்கல் படி! எதிர்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "இன்னாப்பா இது, எங்க மாமியாரு குந்தினு கீரை ஆய்ஞ்ச படியாச்சே!" என்றார். மூன்று படி ஏறிப் போன அந்த வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கித்தான் போக வேண்டும். மலையிலிருந்து வரும் மழைத்தண்ணீர் வேறு எங்கே போகும்? நேராகக் கூடத்துக்கு வருகிறது. நிக்கல்சன் கால்வாய் நிரம்பிக் கன்சால்பேட்டையில் தண்ணீர் புகுந்தால் பத்திரிகையில் வரும், நம்முடையது வருவதில்லை.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். சென்ற முறை சாலை போட வந்த ஒப்பந்ததாரரிடம் அதன் நகலைக் காட்டினோம். வாங்கிப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் மேலேயே போட்டுவிட்டுப் போனார்.

ஓர் உறுப்பினர், கோட்டையைச் சுற்றி மட்டும் எப்படிக் கட்டடம் எழும்பாமல் இருக்கிறது என்று கேட்டார். தொல்லியல் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அகழிக்கரையில் இன்னும் வானம் தெரிவது இந்தச் சட்டத்தால்தான். நம் தெருவுக்கு அப்படி எதுவும் கிடையாது. இருப்பது சங்கம் ஒன்றுதான்.

எனவே செயற்குழு சில தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது. பள்ளத்தை மூடி மறுபடி சாலை போடும்போது பழைய மட்டத்துக்குச் சுரண்டிய பிறகே போட வேண்டும். அதற்குத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் மனு கொடுப்போம், வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். புது வீடு கட்டுகிறவர்கள் வண்டி ஏறும் சரிவைக் கால்வாயின் மேல் இறக்கக் கூடாது. இதில் செயற்குழு உறுப்பினர்கள் சிலரே முதலில் திருந்த வேண்டியிருக்கிறது. மிச்சமிருக்கும் ஓட்டு வீடுகளை, உரிமையாளர் சம்மதத்தோடு, இடிக்கும் முன் படமெடுத்து அளந்து வைக்க ஒரு சிறு குழு அமைக்கலாம். கேமரா வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் பெயர் கொடுங்கள்.

பந்தலுக்குப் பணம் வாங்காத உறுப்பினருக்கும், பத்திரங்களை நம்பி ஒப்படைத்த குடும்பங்களுக்கும் நன்றி. ஜெராக்ஸ் எடுத்த பத்திரங்கள் எல்லாம் திருப்பித் தரப்பட்டுவிட்டன. சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்