மொறிஸ் மைனரை வீதிக்கு விட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கொக்குவில், சுன்னாகம், நெல்லியடி, ஸ்ரான்லி வீதி, அங்காலே கொழும்புப் பஞ்சிகாவத்தை வரை பரந்திருக்கிற ஐயாமாருக்கும் அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நீங்கள் திருத்தித் தந்த கார் 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 948 சீசீ. வரிப்பத்திரம் கண்ணாடியில் ஒட்டியாயிற்று, கார் ஓடுகிறது. பொன்னாடை போர்த்தி விழா வைத்தால் உங்களில் பாதிப் பேர் வரமாட்டீர்கள். மற்றப் பாதி வந்து, பொனற்றைத் திறந்து குறை பிடித்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பீர்கள். அதனால் ஆட்களின் பெயரை விட்டு, கை செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். அளவுகளையும் சேர்த்தே எழுதுகிறோம். இதே காரைக் கொட்டிலுக்குள் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று முழிக்கிறவர்களுக்கு உதவும்.

லேத் ஐயாவுக்குத்தான் முதல் கும்பிடு. கிராங்கை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குகிற தண்டு) ஒரே இடத்தில் அளந்துவிட்டு விலை சொல்லுகிற பட்டறைகள் உண்டு. நீங்கள் ஒவ்வொரு ஜேணலையும் (பெயரிங்கில் சுழலுகிற உருளைப் பகுதி) இரண்டு அந்தத்திலும், குறுக்கும் மறுக்குமாக மைக்குறோமீற்றர் வைத்துப் பார்த்தீர்கள். மெயின் ஜேணல் பத்துத் தௌ அரைத்தால் (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒன்று ஒரு தௌ) துப்புரவாகும், பிஸ்டன் தண்டு பிடிக்கிற பிக் எண்ட் முட்டை வடிவில் தேய்ந்து கிடக்கிறது, அதற்கு இருபது வேணும் என்று சொன்னது அந்த அளவுதான். பெயரிங் கைக்கு வரும்வரை கல்லில் வைக்கமாட்டேன் என்று நீங்கள் நின்ற பிடிவாதத்துக்கும் நன்றி. பழைய ஸ்டொக்கில் இருபது என்று எழுதிய பெட்டிக்குள் பத்து இருப்பது புதினமில்லை. அரைத்த இரும்பைத் திரும்ப வளர்க்க ஏலாது.

பிஸ்டன் ரிங் இடைவெளியை நீங்கள் அளந்து காட்டித் தந்த முறையை அப்படியே எழுதுகிறோம். ரிங்கைப் பிஸ்டனில் பூட்டுவதற்கு முன்னர் வெறும் போருக்குள் (சிலிண்டர் துளைக்குள்) வைக்க வேணும். பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து, ரிங்கை ஓர் அங்குலம் கீழே தள்ளினால் அது கோணாமல் நேராக இருக்கும். பிறகு இரண்டு முனைக்கும் நடுவில் ஃபீலர் தகடு. 7 தௌவுக்குக் குறையவும் கூடாது, 12க்குக் கூடவும் கூடாது. குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். கூடினால் புகையும் ஒயிலும் ஒன்றையொன்று கடந்து போகும். நாலு சிலிண்டரிலும் ஒவ்வொரு ரிங்குக்கும் இதைச் செய்ய ஒரு பின்னேரம் போகும். போகட்டும்.

சிலிண்டர் ஹெட் வேலைக்கு நன்றி சொல்லும்போது ஒரு தலைமுறையையே சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல், எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய். ஒஸ்ரின் ஏ40களையும் மைனர்களையும் அப்படி ஓட வைத்த மெக்கானிக்மாரின் கெட்டித்தனத்தை இன்றைக்கும் மெச்ச வேணும். ஆனால் எஞ்சின் அதற்கான விலையைக் கொடுத்தது. மண்ணெண்ணெய் முழுக்க ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி) இறங்கும், ஒயில் தண்ணியாகும், பெயரிங் தேயும். ஒக்ரேன் குறைவு என்பதால் எஞ்சின் தட்டும்; தட்டாமல் இருக்கத் தீப்பொறியைப் பிந்த விட்டால் எக்ஸோஸ்ற் வால்வ் சிவக்கச் சூடேறும். அந்தக் காலத்தில் ஓடிய எஞ்சினைத் திறக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எக்ஸோஸ்ற் வால்வ் சீற்றை, அதாவது வால்வ் மூடும்போது உட்காருகிற விளிம்பை. சீற் தேய்ந்து வால்வ் உள்ளே இறங்கினால் ரப்பெற் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்குகிற கைக்கும் நடுவிலுள்ள வெளி) கூடாது, குறையும். இடைவெளி இல்லாமல் போனால் வால்வ் மூடாது, மூடாத வால்வ் எரியும்.

இப்போதைய பெற்றோலில் ஈயம் இல்லாததால் பழைய வார்ப்பிரும்புச் சீற்றுக்கு ஈயம் தந்த பாதுகாப்பும் இல்லை. ஆகவே நாலு எக்ஸோஸ்றுக்கும் கடின உலோகச் சீற் வளையம் இறக்கி 45 பாகையில் வெட்டித் தந்த சுன்னாகத்து அண்ணைக்கு நன்றி. வளையத்தை இறுக்கமாக அடித்து இறக்குவது ஒரு கலை: தளர்வாக இருந்தால் ஒருநாள் கழன்று பிஸ்டனுக்கு மேல் விழும்.

இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ஸ்பனரை இரவல் தந்த மோட்டார்சைக்கிள் கடைத் தம்பி, உங்கள் சாமான் மெயின் கப்புக்கு 60, பிக் எண்டுக்கு 35, ஹெட் நட்டுக்கு 40 இறாத்தல் அடி என்று மூன்று வேலை பார்த்தது. ஹெட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 20, 30, 40 என்று மூன்று தரமாக இறுக்கியதால் கஸ்கெற் ஒரு சொட்டும் விடவில்லை. எஞ்சின் ஒருமுறை சூடேறி முழுக்க ஆறிய பிறகு திரும்பவும் இறுக்கி, ரப்பெற்றை 12 தௌவுக்கு வைக்க வேணும். எட்டு வால்வுக்கும் ஒன்பதுக் கணக்கு நினைவிருந்தால் புத்தகம் தேவையில்லை: எட்டாவது முழுக்கத் திறந்து நிற்கும்போது முதலாவது, ஏழாவது திறந்தால் இரண்டாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

ஸ்ரான்லி வீதி பாட்ஸ் கடை முதலாளி ஒருவருக்குத் தனி நன்றி, ஒரு சாமானை விற்காமல் விட்டதற்கு. இந்த எஞ்சினில் கிராங்கின் பின்பக்கத்துக்கு ரப்பர் ஒயில் சீல் கிடையாது. ஜேணலில் வெட்டியிருக்கிற புரிதான் ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளும். இல்லாத சீலுக்கு அளவு பார்த்து ஏதோ ஒன்றைத் தலையில் கட்டிவிடாமல், “பிறீதரை முதலில் துப்புரவாக்குங்கோ” என்றார். எஞ்சினுக்குள் சேருகிற காற்றை வெளியே விடுகிற குழாய்தான் பிறீதர். அதுதான் மருந்து. பிறீதர் அடைத்து உள்ளே காற்றழுத்தம் கூடினால் புரி எவ்வளவு நல்லதென்றாலும் ஒயில் பின்னால் வழியும், கிளச் தகட்டில் பிடிக்கும், கார் நகரும்போது உதறும்.

ரேடியேற்றர் வேலை இங்கே வேறெங்கும் விடக் கடினம். காரணம் எங்கள் கிணறுகள். சுண்ணாம்புக்கல்லில் ஊறிய தண்ணியைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் என்ன படியும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே படிவு எஞ்சின் புளொக்குக்குள்ளும் படிகிறது, அதிலும் பின்னால் இருக்கிற நாலாவது சிலிண்டரைச் சுற்றித்தான் தடிப்பு. ரேடியேற்றரை மேலும் கீழும் திறந்து குழாய் குழாயாகக் கம்பி விட்ட அண்ணை, அதோடு நிற்காமல் புளொக்கின் வடிகால் குழாயைக் கழற்றி, பக்கத்து ஓட்டைகளை மூடுகிற கோர் பிளக்குகளையும் தட்டி எடுத்து, உள்ளே கிடந்த சேற்றைச் சுரண்டியதால்தான் இன்று சூடு காட்டுகிற ஊசி நடுவில் நிற்கிறது. வடிகாலைத் திறந்தும் தண்ணி வராவிட்டால் தண்ணி இல்லை என்று அர்த்தமில்லை, சேறு அடைத்திருக்கிறது. ரேடியேற்றர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்துக்கானது. உள்ளே சுமார் ஐந்தரை லீற்றர், மழைத்தண்ணியோ வடித்த தண்ணியோ கூலன்ற் கலந்து. கிணற்றுத் தண்ணி காரைக் கழுவ மட்டும்.

பிறேக் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுதுகிறோம். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரையோடு ஒட்டிய சசிப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. வடிவமைத்தவர் அதைக் கழற்ற வேண்டி வரும் என்று நினைத்ததாகவே தெரியவில்லை: பிடிக்கிற போல்ற்றுகளை வெளியே இழுக்கவிடாமல் டோர்ஷன் பார் (முன் சில்லுக்கு ஸ்பிறிங்காக வேலை செய்கிற நீட்டுக் கம்பி) குறுக்கே நிற்கும். பாரை விலக்கித்தான் கழற்ற வேணும். திரும்பப் பூட்டும்போது போல்ற்றுகளைத் தலை மாற்றிப் போடச் சொன்ன நெல்லியடி அண்ணை, அடுத்த முறை இதில் படுத்துக் கிடக்கப் போகிறவர் உங்களை வாழ்த்துவார். சிலிண்டருக்குள் குழி விழுந்திருந்தால் புது வோஷர் போட்டுப் பலனில்லை. பித்தளைப் புஷ் இறக்கி 7/8 அங்குலத்துக்கு ஹோன் பண்ணித் தந்ததும் அதே லேத் ஐயாதான். பெடல் முனையில் எட்டில் ஒரு பங்கு அங்குலமாவது வெற்றாட்டம் இருக்க வேணும். இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் சிறு துளையை மூடிக்கொண்டே நிற்கும், சூட்டில் விரிந்த பிறேக் ஒயிலுக்குத் திரும்ப வழியில்லை, நாலு கட்டை ஓடியதும் சில்லுகள் தாமாகவே இறுகும். முன் சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்ரர், பின்னுக்கு ஒன்று. ஒன்றை மட்டும் திருகிவிட்டுக் கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்று சொல்லக்கூடாது.

லண்டனிலிருந்து லீவில் வந்த மருமகப்பிள்ளை ஒருவர், பெட்டியில் சொக்லேற்றுக்குப் பதிலாக ட்ரனியனும் சுவிவெல் பின்னும் (முன் சில்லைத் தாங்கித் திருப்புகிற, புரி வெட்டிய சாமான்கள்) கொண்டு வந்தார். மாமி கோபித்திருப்பார், கார் கோபிக்கவில்லை. மைனருக்கு உயிராபத்து எங்கே என்று கேட்டால் நாங்கள் பிறேக்குக்கு முன்னர் இதைத்தான் சொல்வோம். முன் சில்லின் பாரம் முழுவதும் ஒரு புரியில் தொங்குகிறது. ஒழுங்கைப் புழுதி உள்ளே போய், கிறீஸ் காய்ந்தால் அந்தப் புரி மணலரைத்துத் தேயும். பிறகு ஒருநாள், பெரும்பாலும் ஸ்ரேரிங்கை முழுக்கத் திருப்பிப் பின்னுக்கு எடுக்கும்போது, புரி கழன்று சில்லு மட்கார்ட்டுக்குக் கீழே மடிந்து விடும். 1500 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேணும், அதுவும் சில்லை நிலத்திலிருந்து தூக்கி வைத்து. பாரத்தோடு அடித்தால் தேய்கிற பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. பூட்டும்போது கவனம்: ஒரு பக்கத்துக்கு வலப்புரி, மற்றப் பக்கத்துக்கு இடப்புரி.

ரிங்கர் வேலை (தகட்டு வேலை) செய்த தம்பிமார், கதவுகளைக் கழற்றாமல் பூட்டிய நிலையிலேயே சில் பெட்டியை (கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற இரும்புப் பெட்டி) வெட்டி ஒட்டியது பாராட்டப்பட வேண்டியது. இந்தக் காருக்குத் தனிச் சசி இல்லை, உடம்பேதான் சசி. கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்ட் பண்ணிக்கொள்ளாமல் சில் பெட்டியை வெட்டினால் நடு இறங்கும், பிறகு கதவு ஒருநாளும் நேரே பூட்டாது. வெளித்தகட்டுக்கு 18 கேஜ் தடிப்பு, சசிப் பெட்டிக்கும் பின் ஸ்பிறிங் பிடிக்கிற இடத்துக்கும் 16. அடியில் தண்ணி வடிகிற ஓட்டைகளைப் பூச்சால் அடைக்காமல் விட்டீர்களே, அதற்கும் நன்றி. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணியால் கழுவ வேணும்; உப்புக்கு மறுநாள் என்று ஒன்று இல்லை.

காபரேற்றரின் ஜெற்றைச் சுற்றியிருக்கிற கோர்க் வளையங்களை ஒயிலில் ஊற வைத்துப் பூட்டியவருக்கும், எஸ்யூ பெற்றோல் பம்பின் தகட்டை, மின்சாரத்தைத் தொட்டு விடுகிற முள் பாய்வது நிற்கும்வரை திருகிப் பிறகு பாயத் தொடங்கிய இடத்திலிருந்து நாலு ஓட்டை பின்னுக்கு எடுத்தவருக்கும் நன்றி. பம்ப் நிற்காமல் டிக் டிக் என்றால் காற்று இழுக்கிறது அல்லது தாங்கி வெறுமை. ஒரு சத்தமும் இல்லையென்றால் முள் கருகியிருக்கிறது.

வயரிங் பார்த்த அண்ணை பொசிற்றிவ் எர்த்தை (பற்றறியின் பிளஸ் முனை காரின் உடம்போடு இணைந்திருப்பது) மாற்றாமல் விட்டதில் எங்களுக்கு முழுச் சம்மதம். டைனமோவைத் திருத்திய பிறகு பற்றறியின் உயிர்க் கம்பியால் எஃப் முனையை ஒரு தொடு தொட்டு விடாவிட்டால் அது தலைகீழாகச் சார்ஜ் பண்ணப் பார்க்கும். கதவுத் தூணிலிருந்து எழும்புகிற கைச் சிக்னலும் வேலை செய்கிறது. அழகுதான், ஆனால் ஆஸ்பத்திரி வீதியில் முச்சக்கரவண்டிக்காரர் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. முன்னும் பின்னும் மின்னுகிற விளக்கை நீங்கள் வற்புறுத்திப் பூட்டியது நல்லதாய்ப் போயிற்று. பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் பழைய ஸ்டொக்கிலிருந்து ஆணி அடிக்காத றோட்டர் (சுழன்று தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடுகிற துண்டு) தேடித் தந்தார். ஆணி அடித்த மலிவு றோட்டர் சூட்டில் தண்டுக்குக் கசியும், கார் நடு வழியில் நிற்கும், ஆறியதும் ஒன்றும் நடவாததுபோல ஸ்ராட் ஆகும்.

இருக்கைக்கு ரப்பர் பூசிய தும்பு வைத்துத் தைத்த குசன்காரருக்கும் பெயின்ற் அடித்தவருக்கும் ஒரே வரியில் நன்றி சொல்வது அநியாயம்தான், ஆனால் உங்கள் வேலை காரைப் பார்த்தாலே தெரியும்.

ஓட்ட வருகிறவர்களுக்கு: எஞ்சினுக்கு 20டபிள்யூ50 ஒயில், 3.7 லீற்றர். கியர்பொக்ஸுக்கும் அதே எஞ்சின் ஒயில்தான், 1.3 லீற்றர்; பின் அக்சிலுக்கு மட்டும் ஈபி90. முதலாம் கியருக்குச் சின்க்றோ இல்லை, கார் முழுக்க நிற்காமல் போடக்கூடாது. ஏ9 வீதியில் 75 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் தேவையில்லை. ஆனையிறவு வெளியில் எங்களுக்குப் பின்னால் ஹோன் அடிக்காமல் வந்த பஸ் சாரதிமார் சிலருக்கும் இம்மடலில் பங்குண்டு.

மிஞ்சிய சாமான்களில் 30 தௌ கூடிய அளவுப் பிஸ்டன் ரிங் ஒரு செற், பாவிக்காத ஹெட் கஸ்கெற் ஒன்று, வலப்பக்கப் பின் விளக்குக் கண்ணாடி ஒன்று இருக்கின்றன. 948 எஞ்சின் வைத்திருக்கிற யாரும் காசில்லாமல் எடுக்கலாம். நெல்லியடி அண்ணை, உங்கள் வால்வ் ஸ்பிறிங் அமுக்கியைத் துடைத்து ஒயில் பூசி வைத்திருக்கிறோம், வந்து எடுங்கோ. பொனற்றைத் திறக்க விடமாட்டோம்.

அன்புடன்,
மைனர் வேலையில் கூடி நின்றவர்கள்,
யாழ்ப்பாணம்.