இணைய வேகம்: அளந்து பார்த்துப் புகார் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

"100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறோம், போனில் சோதித்தால் 30தான் வருகிறது." வீட்டு பிராட்பேண்ட் வைத்திருக்கும் பலரின் குறை இது. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், "லைன் சரியாக இருக்கிறது, உங்கள் வைஃபையைப் பாருங்கள்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். சில வீடுகளில் அது உண்மை. சில வீடுகளில் வெறும் தட்டிக்கழிப்பு. எது என்று வாடிக்கையாளரே கண்டுபிடித்துவிடலாம். அளவீடு கையில் இல்லாததால்தான் நியாயமான புகார்கூட எடுபடாமல் போகிறது.

வைஃபையில் சோதித்த எண்ணை எந்த நிறுவனமும் ஏற்காது. ரவுட்டரின் லேன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஈதர்நெட் கேபிள் போடுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். டிவியையும் மற்ற போன்களையும் இணைப்பிலிருந்து விலக்கிவிட்டுச் சோதியுங்கள். வேகத்தை அளக்கும் ஊக்லா ஸ்பீட்டெஸ்ட் தளம் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பல சமயம் உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அதில் வரும் எண் அந்த எல்லை வரைக்கும்தான் செல்லும். ஆகவே வேறு நிறுவனத்தின் சென்னை சர்வர் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்தும், ஃபாஸ்ட் டாட் காம் தளத்திலும் ஒருமுறை பாருங்கள். காலை 6 மணிக்கு ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று என நாலைந்து நாள் எடுத்து, தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிளில் முழு வேகம், வைஃபையில் மட்டும் குறைவு என்றால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்ககத்தில் பத்து வீட்டு ரவுட்டர்களும் அவற்றையே பங்கு போடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் வேகம் கூடும், ஆனால் அது கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரியின் மேலோ வைக்காமல் வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள்.

200, 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு எண்ணைக் கவனிக்க வேண்டும். கேபிளில் எப்போது சோதித்தாலும் 94, 95 என்றே நின்றால், இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஈதர்நெட் கேபிளில் எட்டுக் கம்பிகள். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆர்ஜே45 முனையை (கேபிள் நுனியில் உள்ள பிளக்கை) அழுத்தும்போது 4, 5, 7, 8இல் ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டாலும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வேகம் 100க்கு இறங்கிவிடும். முனையை வெட்டி மறுபடி அழுத்தினாலே சரியாகிவிடும். பழைய ரவுட்டரில் துளையே 100 எம்பிபிஎஸ்தான் என்றால் அதை மாற்றத்தான் வேண்டும்.

காலையில் கேபிளில் முழு வேகம், இரவில் மூன்றில் ஒரு பங்கு என்றால் அது நிறுவனத்தின் பொறுப்பு. வீட்டு ஃபைபர் இணைப்புகளில் வழக்கமான ஜிபான் முறையில் ஒரே ஃபைபர் இழையின் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. பெரும்பாலும் நெரிசல் அங்கே அல்ல; அதற்கு மேலே, நிறுவனம் வாங்கி வைத்திருக்கும் பேண்ட்வித் (மொத்த இணையக் கொள்ளளவு) போதாமல் ஏற்படுகிறது. ரவுட்டரை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் இது தீராது.

எந்த நேரமும் விட்டு விட்டு வந்தால், ஃபைபர் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் பவர் அளவை, அதாவது இழையில் வந்து சேரும் ஒளியின் வலிமையைப் பாருங்கள். அதன் அலகு டிபிஎம். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 27க்கும் கீழே போனால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். கதவிடுக்கில் நசுங்கிய இழை, ஆணியடித்து வளைத்த மூலை, தூசி படிந்த கனெக்டர் ஆகியவையே வழக்கமான காரணங்கள்.

கோளாறே இல்லாமலும் வேகம் குறைவாகத் தெரியலாம். டவுன்லோடு நொடிக்கு 12 மெகாபைட்டில் ஓடினால் அது ஏறக்குறைய 100 எம்பிபிஎஸ்தான்; எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட். மாதக் கடைசியில் மட்டும் மந்தமானால் டேட்டா வரம்பு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

புகார் கொடுக்கும்போது டாக்கெட் எண்ணை (புகாரின் பதிவு எண்ணை) மறக்காமல் வாங்குங்கள். தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகார்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.

நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. வீட்டுக்கு வரும் டெக்னீஷியன் வாடிக்கையாளர் முன்னிலையில் கேபிளில் சோதித்து, அந்த வேகத்தையும் ஆப்டிகல் பவர் அளவையும் பதிந்த பிறகே புகாரை மூட வேண்டும். டேட்டா வரம்பையும், அது தீர்ந்தபின் கிடைக்கும் வேகத்தையும் மாத பில்லிலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்புப் பணியாளர்,
மதுரை.