டெக்சாசில் வந்து இறங்கும் நிலக்கரி

அன்புள்ள சண்முகம்,

நலமா? முழங்கால் வலி தேவலையா? இங்கே மகள் வீட்டில் சாப்பாடு, நடை, தூக்கம். முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவனுக்கு இது போதுமா? போன ஞாயிறு மருமகனை நச்சரித்து, ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே உள்ள பாரிஷ் அனல்மின் நிலையத்தைச் சாலையில் நின்றாவது பார்க்கப் போனேன்.

மின்சாரம் தயாரிக்கும் யூனிட் மொத்தம் எட்டு. 1958 முதல் 1968 வரை வந்த நான்கும் எரிவாயு. 1977 கடைசியில் தொடங்கி வந்த நான்கும் நிலக்கரி. அதுவும் வயோமிங் மாநிலத்திலிருந்து, ஆயிரம் மைலுக்கு மேல் ரயிலில்! காலடியில் எரிவாயு கிடக்கிற ஊரில் ஏன் இந்தக் கூத்து என்று வீட்டுக்கு வந்து தோண்டினேன்.

மாநிலம் தாண்டிப் போகும் எரிவாயுவுக்கு அப்போது அமெரிக்க மத்திய அரசே விலை வைத்திருந்தது. அடிமாட்டு விலை. டெக்சாஸ்காரன் என்ன செய்வான்? அந்தக் கட்டுப்பாடு இல்லாத சொந்த மாநிலத்துக்குள்ளேயே விற்றான். 1976-77 குளிரில் ஓஹாயோ மாநிலத்துப் பக்கம் எரிவாயு போதாமல் பள்ளிகளையும் ஆலைகளையும் மூடினார்கள். 1973இல் அரபு நாடுகள் போட்ட எண்ணெய்த் தடையின் பயம் வேறு. எரிவாயுவே தீரப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள். 1978 நவம்பரில் அதிபர் கார்ட்டர் போட்ட சட்டப்படி, புதிய மின் நிலையங்கள் எரிவாயுவையோ எண்ணெயையோ முக்கிய எரிபொருளாக வைக்கக் கூடாது. பழையவையும் 1990க்குள் எரிவாயுவை விட வேண்டும். பாரிஷின் முதல் நிலக்கரி யூனிட் அதற்கும் முன்பே வந்துவிட்டது. பயம் சட்டத்தை முந்திக்கொண்டது.

வேடிக்கை கேள். அதே நாளில் விலைக் கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தும் சட்டத்திலும் அவர் கையெழுத்திட்டார். விலை ஏறியதும் எரிவாயு வந்து குவிந்தது! பழைய நிலையங்களுக்கான கெடுவை 1981லேயே கைவிட்டார்கள். 1987இல், அதிபர் ரீகன் காலத்தில், புதியவற்றுக்கான தடையும் போயிற்று. ஒன்பது வருஷம்கூட நிற்காத சட்டம். அதை நம்பிக் கட்டிய பாய்லருக்கு ஆயுசு நாற்பது வருஷம். பற்றாக்குறை விலையால் வந்தது என்றால் விலையைத்தானே முதலில் தொட்டிருக்க வேண்டும்?

2022இல் நம் மத்திய அரசு அனல்மின் நிலையங்களை வெளிநாட்டு நிலக்கரியைப் பத்து சதம் கலக்கச் சொன்னதும், சில மாதத்தில் கட்டாயமில்லை என்றதும் நினைவுக்கு வந்தது. நிலக்கரி அரைக்கும் மில்லை அதற்கேற்ப செட் பண்ணி முடிக்கும் முன்னே ஆர்டர் மாறிவிட்டது என்று உன் பையன் போனில் புலம்பினானே!

சரி, சித்திரைக்கு ஊர் வந்துவிடுவேன். இப்போது எந்த நிலக்கரி வருகிறது, சாம்பல் எத்தனை சதம் என்று அவனிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
ராமு