கடைசி ஒரு மில்லிமீட்டர்: உருமாறும் ரோபோ பொம்மை செய்வோருக்குத் திறந்த மடல்

வடிவமைப்பாளர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

1984-இல் ஜப்பானின் டயாக்ளோன், மைக்ரோமேன் பொம்மைகள் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது, பல கார்கள் விரல்விட்டு எண்ணும் படிகளில் ரோபோவாகிவிடும். இப்போது 14 செ.மீ. பொம்மைக்கே இருபது, முப்பது படிகள் ஆகின்றன. அதில் எங்களுக்குக் குறையில்லை. மாற்றுவதில்தானே இதன் சுகம்! தலைவலி, ரோபோவைத் திரும்பக் காராக்கும்போதுதான் தொடங்குகிறது. எல்லாம் மடங்கிவிடும், கூரை மட்டும் ஒரு மில்லிமீட்டர் வாய்பிளந்து நிற்கும். பழியோ பொம்மையை வாங்கியவரின் கைமேல் விழுகிறது. ஆனால் காரணம் பெரும்பாலும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

முதலில் பெயின்ட். வண்ணமடிக்காத மாதிரியில், பாகங்களைப் பூட்டும் முளையும் குழியும் கச்சிதமாக உட்காரும். அடித்ததும் முளையின் இரு பக்கமும் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் தடிக்கிறது. குழிக்குள்ளும் தெளிப்பு படிந்தால் அங்கேயும் இரண்டு பூச்சு. ஒரே முளை என்றால் அழுத்திச் சமாளிக்கலாம். காரின் பக்கத் தகட்டில் வரிசையாக நான்கு இருந்தால், முன்னால் அழுத்தும்போது பின்னால் எம்பும். அந்த இழுபறியில் கதவோரம் பெயின்ட் உரிகிறது, கீலை ஒட்டிப் பிளாஸ்டிக் வெளுக்கிறது. வெளுத்த இடம் பிறகு ஒருநாள் முறியும். முளைகளை மறைத்துவிட்டுப் பெயின்ட் அடியுங்கள், இல்லையென்றால் பூச்சின் தடிப்புக்கு வார்ப்பு அச்சிலேயே இடம் விடுங்கள். பொருத்தத்தை வண்ணமடித்த உருப்படியில் சோதியுங்கள்.

அடுத்தது கண்ணாடிப் பிளாஸ்டிக். ஜன்னலையும் கூரையையும் ஒரே ஒளிபுகும் துண்டாக வார்த்து, ஜன்னல் தவிர மற்றதை வண்ணத்தால் மூடி, அதே துண்டில் கீலையும் வைத்துவிடுகிறீர்கள். ஒரு பாகம் மிச்சம்தான். ஆனால் ஒளிபுகும் பிளாஸ்டிக், ஏ.பி.எஸ். என்ற வழக்கமான பொம்மைப் பிளாஸ்டிக் போல வளைந்து கொடுக்காது. கீலின் உலோக ஊசிக்கு ஒரு முனையில் சொரசொரப்பான வரிகள் உண்டு. பிடிமானம் அங்கேதான். அந்த முனை கண்ணாடித் துண்டில் இறங்கினால் துளை எந்நேரமும் உள்ளிருந்து விரிக்கப்படுகிறது. பொம்மையைத் தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் வரும். வரியுள்ள முனையை ஒளிபுகாத பாகத்துக்கு மாற்றி, கண்ணாடித் துளையைச் சற்றுத் தளர்வாக விட்டால் போதும். கீலையே ஒளிபுகாத துண்டில் வைப்பது இன்னும் நல்லது.

விளக்கத்தாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எல்லாப் படமும் ஒரே கோணம், ஒரே அளவு, அதன்மேல் கறுப்பு அம்புக்குறிகள். கை உள்ளே எப்படி மடிந்திருக்க வேண்டும் என்பதை மூடிய கூரை மறைத்துவிடுகிறது. கார் மூடாததற்கான காரணங்களோ அந்த உள்பக்கத்தில்தான்: தலை முழுதாகத் திரும்பவில்லை, முழங்கால் கடைசி க்ளிக் வரை போகவில்லை, தொடையின் சுழல்மூட்டு சில பாகை விலகியிருக்கிறது, விரல் முட்டி வெளிப்பக்கம் பார்க்கிறது. கூரையை மூடும் முன் காரைக் கவிழ்த்துப் பார்த்த ஒரே ஒரு படம் கொடுங்கள். பாதி மனக்கசப்பு அங்கேயே தீரும். "பின்னிருந்து முன்னாகச் செய்க" என்று ஒரு வரியில் முடிப்பதும் வேண்டாம். பிரிக்கும்போது தானாக விலகும் தகடு, மூடும்போது தோளுக்கு முன்பா பின்பா என்பதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

மூட்டுகளில் ஒன்றே ஒன்று. இடுப்பு ரேட்சட்டின் (பல் பல்லாக க்ளிக் என்று நகர்ந்து நிற்கும் மூட்டு) பற்கள் அகலமாக இருந்தால் ரோபோ ஒரு க்ளிக்கில் முன்னால் சாயும், மறு க்ளிக்கில் பின்னால் சாயும். நடுவில் நிற்க இடமே இல்லை. பற்களை நெருக்கமாக்க முடியாவிட்டால் கணுக்காலுக்காவது முன்பின் அசைவு கொடுங்கள்.

தளர்ந்த பந்து மூட்டுக்கு வாங்கியவர்களே வைத்தியம் செய்துகொள்கிறார்கள். பந்தைக் கழற்றி, நிறமில்லாத நெயில் பாலிஷ் மெல்லிய ஒரு பூச்சு பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுவார்கள். ஈரத்தோடு மாட்டினால் ஒட்டிக்கொள்ளும். இறுகிய மூட்டுக்குச் சிலிகான் எண்ணெய் ஒரு சொட்டு. வீட்டில் கிடக்கும் பெட்ரோலிய எண்ணெயை விட்டால் சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழும். விளக்கத்தாளில் இந்த எச்சரிக்கைக்கு ஒரு மூலை கூடவா இல்லை?

இடது பாகம் வலதில் மாட்டி வருவதும் நிற்கவில்லை. இரு பக்கத்துக்கும் முளையின் வடிவத்தை மாற்றிவிட்டால் தவறாக மாட்டவே முடியாது. குறைந்தது உள்பக்கத்தில் இ, வ என்று பொறியுங்கள். பசையால் ஒட்டிய தகட்டுக்கு அடியில் திருகை ஒளித்தும் வைக்காதீர்கள். திருகு கண்ணில் பட்டால், மாறிப்போனதை வாங்கியவரே கழற்றிச் சரிசெய்துகொள்வார்.

கடைசியாக, ஒரே அச்சை வேறு நிறத்தில் மறுபடி வெளியிடும் வழக்கம் பற்றி. நிறமி மாறினால் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும் அளவும் மாறும். அதனால் சிவப்பில் இறுக்கமாக இருந்த தோள் வெள்ளையில் தொங்கலாம். முதல் வெளியீட்டில் சோதித்தது இதற்கும் பொருந்தும் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு நிறத்துக்கும் மூட்டுகளைத் தனியாக அளந்து அனுப்புங்கள். அச்சைத் திறக்கும் அந்த வேளையிலேயே மேலே சொன்ன கீலையும் திருத்திவிடலாம்.

இப்படிக்கு,
உருமாறும் பொம்மைகளை வாங்கி, மாற்றிப் பார்த்து, மதிப்புரை எழுதுவோர்