குழந்தைகளுக்கு மட்டக்குதிரையை உதைக்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலையில் சென்ற ஞாயிறு காலை கண்ட ஒரு காட்சியே என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது. எட்டு, ஒன்பது வயதிருக்கும் சிறுமி ஒருத்தி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த செம்பழுப்பு மட்டக்குதிரையின் மேல் அமர்ந்திருந்தாள். குதிரை சாலையோரத்தில் நின்றுவிட்டது. "உதை பாப்பா, நல்லா உதை" என்றார் குதிரைக்காரர். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த தந்தையும் "பலமா உதைம்மா" என்றார். அந்தக் குழந்தையும் கால்களை அகல விரித்து மாறி மாறி அடித்தாள். பெரியவர்களுக்கான சேணம் அது. குட்டைக் கால்கள் சேணத்தின் தோல் மடலைத் தாண்டவே இல்லை. ஒவ்வோர் அடியும் தோலின் மேல் "தப், தப்" என்று விழுந்ததே தவிர, குதிரையின் உடம்பில் நேராக ஒன்றுகூடப் படவில்லை. அது காதுகளைப் பக்கவாட்டில் தளரவிட்டு அசையாமல் நின்றது. கடைசியில் பின்னங்காலில் ஒரு குச்சியடி விழுந்தது. குதிரை திடுக்கிட்டு முன்னால் பாய, சிறுமி பிடரிமயிரைப் பற்றிக்கொண்டு அழத் தொடங்கினாள். "கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும் சார்" என்று தந்தைக்குச் சமாதானம் சொல்லப்பட்டது.

அந்தப் "பிடிவாதம்" என்ற சொல்லைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், மூட்டை சுமக்கும் மட்டக்குதிரைகளை வளர்த்த வீட்டில் பிறந்து, பின்னர் நெடுங்காலம் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பிடிவாதக் குதிரை என்று பிறர் கைவிட்ட குதிரைகள் பலவற்றோடு பழகியிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை, காலின் பேச்சைக் கேட்கத் தேவையில்லை என்று மனிதர்களால் கற்பிக்கப்பட்டவை. மற்றவை எங்கோ வலியோடு இருந்தவை.

குதிரையின் தோல் எவ்வளவு நுண்ணுணர்வு உடையது என்பதை யாரும் நின்று பார்க்கலாம். விலாவில் ஓர் ஈ வந்து அமர்ந்தால், அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்த்து ஈயை உதறிவிடும். தோலுக்கு அடியில் விரிந்து கிடக்கும் மெல்லிய தசைப்படலம் செய்யும் வேலை அது. சவாரி செய்பவரின் கெண்டைக்கால் படிந்திருப்பதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். ஈயின் கால்களை உணரும் விலங்கு, ஒரு குழந்தையின் காலை உணராமல் போக வழியே இல்லை. உணர்கிறது, ஆனால் அதற்கு ஒரு பொருளும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. ஒரு நாளைக்குப் பல பேர் ஏறி, நடக்கும்போதும் உதைத்து, நிற்கும்போதும் உதைத்து, இறங்கும் வரை உதைத்துக்கொண்டே இருந்தால், இடைவிடாமல் ஓடும் தையல் மெஷினின் சத்தத்தை அவ்வீட்டார் மறந்துவிடுவதுபோல் குதிரையும் உதையை மறந்துவிடுகிறது. போதாததற்கு, தலைக்கயிறு குதிரைக்காரர் கையில் இருக்கிறது. குதிரை அந்தக் கயிற்றின் பேச்சைத்தான் கேட்கிறது. மேலே இருக்கும் பிள்ளை என்ன செய்தாலும் நடையில் மாற்றமில்லை என்பது அதற்கு அனுபவத்தில் தெரிந்த உண்மை.

காலால் குதிரையிடம் பேசும் முறை மிக எளியது. என் அப்பா குதிரையேற்றம் என்ற சொல்லையே அறியாதவர். பூண்டு மூட்டையை ஏற்றுவதற்காகக் குதிரையை ஓர் அடி தள்ளி நிற்கவைக்க வேண்டுமென்றால், புறங்கையை அதன் விலாவில் வைத்து மெல்ல அழுத்துவார். அது காலைப் பெயர்த்த அந்த நொடியே கையை எடுத்துவிடுவார். சில நாட்களில் கையை அருகில் கொண்டுபோனாலே குதிரை நகர்ந்து நிற்கும். பின்னாளில் நான் கற்ற பயிற்சிமுறைகள் அனைத்துக்கும் அடிப்படை அந்தக் கை எடுக்கப்பட்ட நொடியே என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. குதிரை அழுத்தத்திலிருந்து கற்பதில்லை. அழுத்தம் நின்ற கணத்திலிருந்தே கற்கிறது. எதைச் செய்தபோது தொல்லை நின்றதோ அதையே அது அடுத்த முறை விரைந்து செய்யும். நடந்த பிறகும் உதை நிற்கவில்லை என்றால், நடப்பதால் பயனில்லை என்பதையே அது கற்றுக்கொள்கிறது.

ஆகவே, நிற்கும் மட்டக்குதிரையை நடத்த விரும்பும் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். முதலில் நிமிர்ந்து உட்கார்ந்து, போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். குனிந்து குதிரையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தால் உடல் எடை முன்னால் சரிந்துவிடும். பக்கத்திலிருந்து பார்க்கும்போது காது, தோள், இடுப்பு, குதிகால் ஆகிய நான்கும் ஒரே நேர்க்கோட்டில் தெரிய வேண்டும். பிறகு கடிவாள வாரைச் சிறிது தளர்த்த வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டே காலால் உதைப்பது, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரையும் முறுக்குவதற்குச் சமம். வாய்க்குள் இருக்கும் இரும்பு "நில்" என்கிறது, விலாவில் படும் கால் "போ" என்கிறது. இரண்டில் வலி மிகுந்ததற்குக் கட்டுப்படுவதே விலங்கின் இயல்பு. வாரைத் தளர்த்திய பின், இரண்டு கெண்டைக்கால்களையும், சேணத்தை இறுக்கிக் கட்டும் வயிற்று வாருக்கு அருகே மென்மையாக ஒருமுறை அழுத்திவிட்டு எடுக்க வேண்டும். ஈரத்துணியைப் பிழியும் அளவு வலுகூட வேண்டாம். குதிரை ஓர் அடி எடுத்து வைத்தாலும் போதும், கால் அமைதியாகிவிட வேண்டும்.

குதிரை அசையாவிட்டால், அதே மென்மையில் பத்து முறை கெஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது. ஓரிரு நொடி பொறுத்து, இரண்டாம் முறை சற்றுத் தெளிவாகக் குதிகாலால் ஒரு தட்டு. அதற்கும் பதிலில்லை என்றால், காலை அழுத்திய அதே வேளையில், காலுக்குச் சற்றுப் பின்னால் சிறு குச்சியால் ஒரே ஒரு தட்டு. வலிக்க அடிப்பது இதன் நோக்கமில்லை. காலின் பேச்சைக் கேட்க நினைவூட்டும் தட்டு அது. எனவே அது காலோடு சேர்ந்து வர வேண்டுமே தவிர, கோபத்தில் ஐந்து நிமிடம் கழித்து வரக் கூடாது. குதிரை விருட்டென்று கிளம்பினாலும் அந்த நேரத்தில் வாரைச் சுண்டி இழுக்கக் கூடாது. கேட்டதைச் செய்ததற்குத் தண்டனை என்று அது எடுத்துக்கொள்ளும். பிடரி முடியும் இடத்து மேட்டை விரல்களால் வருடிக்கொடுக்கலாம். குதிரைகள் தங்களுக்குள் ஒன்றையொன்று பல்லால் வருடிக்கொள்ளும் இடம் அது. அதன்பின் மீண்டும் நிறுத்தி, மீண்டும் மென்மையான அழுத்தத்திலிருந்தே தொடங்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் முன்னால் செய்த அனைத்தும் வீண். மெல்லச் சொன்னாலே போதும் என்ற நிலைக்குக் குதிரையைக் கொண்டுவருவதுதான் நோக்கம். ஒவ்வொரு நாளும் குச்சியிலிருந்து தொடங்குபவருக்கு ஒவ்வொரு நாளும் குச்சி தேவைப்படும்.

இவ்வளவு சொன்ன நான் ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பழகிய சாம்பல்நிறப் பெண்குதிரை ஒன்று திடீரென்று நடக்க மறுத்தது. ஏறியிருந்த சிறுவனிடம் காலை வலுவாகப் பயன்படுத்தச் சொன்னேன். அது காதுகளைப் பின்னுக்கு மடித்து, வாலைச் சுழற்றி, தலையைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது. மூன்றும் தெளிவான அறிகுறிகள். மூன்றையும் நான் முரண்டு என்றே படித்தேன். பாடம் முடிந்து சேணத்தைக் கழற்றியபோது, முன்னங்காலுக்குப் பின்னால் வயிற்று வார் இறுகும் மடிப்பில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. அந்தக் குதிரை வாய் இருந்தும் சொல்ல முடியாததை உடம்பால் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்து, நடக்க மறுக்கும் எந்தக் குதிரையையும் காலால் கேட்பதற்கு முன் கையால் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். சேணத்தின் அடியிலும் வயிற்று வாரின் அடியிலும் புண் இருக்கிறதா, லாடம் தளர்ந்திருக்கிறதா, குளம்பில் கல் ஏறியிருக்கிறதா, குளம்பு வழக்கத்துக்கு மாறாகச் சுடுகிறதா, கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து கன்னத்தைக் கிழிக்கிறதா என்று பார்க்காமல் "பிடிவாதம்" என்று தீர்ப்பளிக்க யாருக்கும் உரிமையில்லை என்றே கருதுகிறேன். மலையில் இன்னொன்றும் உண்டு. பனி இறங்கி நனைந்த தார்ச்சாலையில் இரும்பு லாடம் வழுக்கும். சரிவில் தயங்கி நிற்கும் குதிரை பல வேளைகளில் தன்னையும் மேலிருப்பவரையும் காப்பாற்றிக்கொண்டுதான் நிற்கிறது.

எடையும் இதோடு சேர்ந்த விஷயம். சேணம் உட்படச் சுமக்கும் பாரம், குதிரையின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்பது குதிரை வளர்ப்போர் பரவலாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு அது 50 கிலோ. நன்கு வளர்ந்த ஆண்கள் அத்தகைய குதிரைகளில் ஏறி, அது நடக்கவில்லை என்று குறைபட்டுக்கொள்வதை விடுமுறை நாள்தோறும் பார்க்கிறோம். பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோவே உச்ச வரம்பு என்று 1965ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுகின்றன. நாளொன்றுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும், ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தன் 11ஆம் பிரிவில், தேவையற்ற வலி தரும்படி விலங்கை அடிப்பதையும் உதைப்பதையும் அளவு மீறிச் சவாரி செய்வதையும் கொடுமை என்றே வரிசைப்படுத்துகிறது. "உதை" என்று குழந்தைக்குச் சொல்லும்போது பெரியவர்களுக்கு இது நினைவில் இருந்தால் நல்லது.

குதிரைக்காரர்கள்மேல் பழி போடுவதற்காக நான் இதை எழுதவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கிடைக்கும் வருவாயை வைத்துக்கொண்டு மழைக்காலத்திலும் கொள்ளும் தவிடும் வாங்கிப்போட வேண்டிய குடும்பங்கள் அவர்களுடையவை. ஒரு சுற்று சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்த சவாரி. தம் தந்தையர் செய்ததைப் பார்த்துக் கற்றதைத்தான் செய்கிறார்கள். வேறு முறையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நாம் யாரும் முன்வரவில்லை. இந்த மலைக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழையது. 1863இல் ஏரி உருவான காலத்தில், பேருந்து செல்லும் சாலை ஏது? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் மனிதத் தோள்களும் மட்டக்குதிரைகளுமே இவ்வூருக்கு ஆட்களையும் பொருள்களையும் கொண்டுவந்து சேர்த்தன. வெள்ளகெவி போன்ற மலையூர்களுக்குச் சாலை எட்டாத காலத்தில் அரிசி மூட்டை குதிரை முதுகில்தான் போயிருக்கிறது என்பதை இப்பகுதியினர் அறிவார்கள்.

செய்யக்கூடியவை சிலவற்றை மட்டும் கேட்கிறேன். குழந்தை ஏறியதும் குதிரையை நடத்திவிடாமல், இரண்டு நிமிடம் நிறுத்தி, வாரைத் தளர்த்துவதையும் காலை அழுத்தி எடுப்பதையும் சொல்லிக்கொடுக்கலாம். குழந்தைகளுக்கென்று சிறிய சேணமும், கால் எட்டும் அளவுக்குக் குறுக்கிய அங்கவடியும் (பாதம் ஊன்றும் வளையம்), தலைக்கவசமும் வைத்திருக்கலாம். நகராட்சியும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் சேர்ந்து, சீசன் தொடங்கும் முன் ஏரிக்கரையிலேயே பல், குளம்பு, முதுகு ஆகியவற்றைப் பரிசோதிக்கும் முகாம் ஒன்று நடத்தலாம். பெற்றோர்கள், குதிரை நின்றுவிட்டால் கைப்பேசியைச் சற்று இறக்கிவிட்டு, அது ஏன் நின்றது என்று குதிரைக்காரரிடம் கேட்கலாம். "பலமா உதை" என்று மட்டும் சொல்லாதிருந்தால் அதுவே பெரிய உதவி.

அன்று அழுத சிறுமியின் குதிரைக்காரரிடம் நான் அனுமதி கேட்டுக்கொண்டு, அவளுடைய அங்கவடி வாரை நான்கு துளை குறுக்கிக் கட்டினேன். கால் ஊன்ற இடம் கிடைத்து, மடலின் மேலாகவே குதிரையின் விலாவை அவளால் அழுத்த முடிந்தது. அழுத்திவிட்டு எடு என்று சொன்னேன். முதல் இரண்டு முறை குதிரை கேட்கவில்லை. மூன்றாம் முறை அதன் ஒரு காது பின்பக்கமாக, அவளை நோக்கித் திரும்பியது. பிறகு ஓர் எட்டு வைத்தது. அவள் காலை எடுத்துவிட்டாள். குதிரைக்காரர் என்னைப் பார்த்து, "இது காலுக்கு நடக்கும்னு எனக்கே தெரியாது ஐயா" என்றார்.

அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் நேரம் இருக்குமானால், சவாரி தொடங்காத காலை வேளைகளில் ஏரிக்கரைக்கு வந்து இதைச் செய்துகாட்ட நான் அணியமாக இருக்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். நகராட்சி ஓர் இடமும் நாளும் குறித்துக்கொடுத்தால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற குதிரையேற்றப் பயிற்சியாளர்,
கொடைக்கானல்.