பால் கணக்கு எழுதச் சொன்ன அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பிழைத்துக் கிடக்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் நேற்று மூன்றாவது தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதை என் மனைவி குடியாத்தம் வரைக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. இனிமேலும் உங்களுக்கு எழுதாமல் இருப்பது மரியாதையில்லை.

2021 மே மாதம் செத்துவிடலாம் என்று நான் கிடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். ஏன், ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காரணம் ஒன்றில்லை. மெஸ் மூடிக் கிடந்தது, வட்டிக்காரர்கள், மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது, எல்லாம் கூட்டாகச் சேர்ந்துகொண்டு வந்தன. கடன் தொல்லை என்று யாரும் ஒரு வார்த்தையில் முடித்துவிட வேண்டாம். கடன் இப்போதும் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

எங்கள் சந்துக்குப் பால் ஊற்றும் அக்காவைப் பற்றித்தான் எழுத வேண்டும். பேர் போடக் கூடாது என்று உத்தரவு. "பேரு போட்டின்னா அப்பறம் எல்லாரும் பாலு கடனா கேப்பாங்க" என்கிறார். போடவில்லை அக்கா.

மே 10ஆம் தேதி கொரோனாவுக்காக முழு ஊரடங்கு வந்த பிறகு சந்தில் காலையில் கேட்கும் ஒரே சத்தம், அவர் கேன் மூடியால் கதவைத் தட்டுகிற சத்தம்தான். அன்று விடிகாலையும் தட்டினார். பால் வேண்டாம் என்றேன். வேறு யாராக இருந்தாலும் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர் கேனைக் கீழே வைத்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்னா நைனா, செத்துடலாம்னு தோணுதா உனுக்கு?"

பால் அரை லிட்டரா, ஒரு லிட்டரா என்று கேட்கிற அதே குரல். நான் ஆமாம் என்றேன். அந்த ஆமாமை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் கத்தவில்லை. பெண்டாட்டி பிள்ளையை நினைத்துப் பார் என்று சொல்லவில்லை. கோழை என்று சொல்லவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, "சரி, நானும் குந்திக்கினு கீறேன், நீயும் குந்து" என்றார். பேரனைக் கூப்பிட்டு என் மச்சான் வீட்டுக்கு ஓடச் சொன்னார். மச்சான் வந்து சேர முக்கால் மணி நேரம். அத்தனை நேரமும் மற்ற வீடுகளின் பால் வெயிலில் காத்துக் கிடந்தது. மே மாத வேலூர் வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று எத்தனை லிட்டர் திரிந்தது என்று இதுவரை சொல்ல மாட்டேன் என்கிறார்.

எழுந்து போகும்போது சொன்னார்: "நாளைக்கிக் காலைல நோட்டு எடுத்தாறேன். பாலு கணக்கு எழுதணும். எனுக்கு எழுத்து வராது. நீதான் எழுதிக் குடுக்கணும்."

அடுத்த நாள் ஆறு மணிக்கு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். டீச்சரம்மாவுக்கு முக்கால் லிட்டர், வியாழக்கிழமை கிடையாது. மாடி வீட்டுக்கு ஒன்றரை, அதில் கால் பூனைக்கு. நான் தப்பாக எழுதினால் நோட்டைப் பார்க்காமலே திருத்துவார். நாற்பது வீட்டுக் கணக்கையும் தலையில் வைத்திருப்பவருக்கு நோட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வராமல் போய்விடுவாரோ என்று பயம்.

மச்சான் என்னைப் பாகாயத்துக்குக் கூட்டிப் போனான். 1957லிருந்து அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் இருக்கிறது. சின்ன வயசில் நாங்கள் அந்தப் பெயரைச் சொன்னது ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணுவதற்கு மட்டும்தான். இப்போது அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே கையெடுக்கத் தோன்றுகிறது. மாத்திரை வேலை காட்ட இரண்டு மூன்று வாரமாவது ஆகும், தெளிவானதுபோல் இருந்தாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மாத்திரை இன்னும் ஏறவில்லை, மனசு இன்னும் இறங்கவில்லை என்று கிடந்த அந்த மூன்று வாரத்தை நான் பால் கணக்கு எழுதித்தான் கடந்தேன்.

அப்படி நேரடியாகக் கேட்கலாமா என்றும் அந்த டாக்டரிடமே கேட்டேன். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, உள்ளே இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும் என்றார். அக்காவுக்கு இது யார் சொல்லிக் கொடுத்ததோ தெரியாது. எனக்கு போன் செய்த மற்ற எல்லோரும், என் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், "தைரியமா இரு மாப்ள, பாசிட்டிவா யோசி" என்றுதான் சொன்னீர்கள். அந்த நாட்களில் பாசிட்டிவ் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்!

மற்றவர்களை வரிசை போட்டுச் சொல்ல முடியவில்லை. வீட்டில் இருக்கக் கூடாததை எல்லாம் வாரிக்கொண்டு போய், இரவுகளில் என் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்த மச்சான். நேதாஜி மார்க்கெட்டிலிருந்து கேட்காமலே அரிசியும் பருப்பும் அனுப்பிய அண்ணாச்சி. மெஸ் வாடகையைப் பற்றி வாயே திறக்காத கட்டட உரிமையாளர். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று நடுங்கிய என் மனைவிக்கு 2017 மனநலச் சட்டத்தைப் பொறுமையாக விளக்கி, இப்படிப்பட்ட நிலையில் இருப்பவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சைதான் கொடுக்க வேண்டும் என்று சொன்ன வக்கீல் தம்பி. அப்புறம் அந்த ஜார்க்கண்ட் பையன். 2020 ஊரடங்கில் அம்மாவோடு இங்கேயே மாட்டிக்கொண்டு எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டவன், அந்த வருஷம் மே மாதம் காட்பாடியிலிருந்து விட்ட சிறப்பு ரயிலில் ஊர் போய்ச் சேர்ந்தான். யார் சொல்லிக் கேள்விப்பட்டானோ, போனில் 500 ரூபாய் போட்டுவிட்டு இந்தியில் ஏதோ எழுதியிருந்தான். படிக்கத் தெரியவில்லை, அழித்துவிடாமல் வைத்திருக்கிறேன்.

இனிமேல் முகம் சரியில்லாத யாரைப் பார்த்தாலும் அக்கா கேட்டதை நானும் கேட்பேன். தப்பாக எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். ராத்திரியில் கேட்க ஆள் இல்லாதவர்கள் 104க்கு அடியுங்கள், அரசாங்க எண். 1986லிருந்து சென்னையில் இருக்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. நான் அடித்ததில்லை. அந்த நேரத்தில் இப்படி எண்கள் இருப்பதே எனக்குத் தெரியாது.

மெஸ் திறக்க இன்னும் நாள் பிடிக்கும். ஆஸ்பத்திரிக்கு வெளியூர் நோயாளிகள் பழையபடி வர வேண்டும், லாட்ஜுகள் நிறைய வேண்டும். அடுப்பை மட்டும் நேற்றே துடைத்து வைத்துவிட்டேன்.

அக்கா, நோட்டில் உங்கள் கணக்கைப் பார்த்தேன். என் பெயரில் ஜூன் மாதம் 30 நாள், தினம் அரை லிட்டர், 20 ரூபாய் வீதம் 600 ரூபாய் நிற்கிறது. நானே எழுதிய கணக்கு, தப்பிருக்காது. காலையில் வாருங்கள், தருகிறேன். முழுசாகத் தர மாட்டேன். கொஞ்சம் பாக்கி இருக்கட்டும்.